ஒரு ஓட்டு, இரண்டு சத்தியம்

என் மாமியார் தன்னிடம் இருந்த ஒரே ஓட்டை இரண்டு வேட்பாளர்களுக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டார் என்ற செய்தி, தேர்தல் அதிகாரியான எனக்குத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்புதான் தெரியவந்தது. அதுவும் வஞ்சிரக் குழம்பு வைத்த நாளில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்ததால் தெரிந்தது. வஞ்சிரத்தைத் தட்டில் விட்டுவிட்டு அவர் எழுந்ததை என் இருபத்திரண்டு வருட மாப்பிள்ளை வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

தேர்தல் அதிகாரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கத் தேர்தல்தான். நான்கு மாடி, நாற்பத்திரண்டு வீடு, ஒரு மோட்டார், இல்லாத லிஃப்ட். இவ்வளவு காலமும் அங்கே தேர்தல் என்று ஒன்று நடந்ததே கிடையாது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர் யாரோ, அவர் கையில் மோட்டார் சாவியும் இருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எந்த வீட்டில் எத்தனை வாய் என்று கூழ் ஊற்றுகிறவருக்குத் தெரியும், ஆகவே எந்த வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்றும் தெரியும் என்பது எங்கள் அரசியல் சாசனம்.

அந்தக் கூழும் சாவியும் சில வருடங்களாக அக்காவிடம் இருந்தன. அக்கா என்றால் என் அக்கா இல்லை, கட்டடத்துக்கே அக்கா. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். ஐம்பதைத் தொடும் வயது, மைக் தேவைப்படாத குரல். சங்கத்தை முறைப்படி பதிவு செய்யப் போனபோது, தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா நின்றார். அவரை எதிர்த்துத் தரைத்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி நின்றார். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸுக்கு நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கேக் கொடுப்பார். கணக்கில் புலி, பேச்சில் பூனை.

வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று முடிவானது. எங்கள் வீடு மாமியார் பேரில் இருக்கிறது. நான் வீட்டோடு மாப்பிள்ளை. ஓட்டே இல்லாதவனைவிட நடுநிலையாளன் யார் இருக்க முடியும்? மேலும் நான் அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியார். எந்தத் தேர்தல் வந்தாலும் பெட்டி படுக்கையோடு வாக்குச்சாவடிக்குப் போய் ராத்தங்கி, கொசுக்கடி வாங்கி, அடுத்தவர் விரலில் மை வைத்துவிட்டு வருகிறவன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், எங்கள் கட்டடத்துக்கு இளைத்தவன் நான்.

உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கணிப்புகூடப் போட்டேன். அம்மன் வீடுகள் இத்தனை, சர்ச் வீடுகள் இத்தனை, நடுவில் பாய் வீடுகள் நாலு, அவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் வெற்றி. தொலைக்காட்சியில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவர்களைப் போல மனைவிக்கு விளக்கினேன்.

"நம்ம வூடு உங்க கணக்குல எதுல வருது?" என்றாள்.

"அம்மன்தான். வேறென்ன?"

"பாத்ரூம் கொயா ஒடஞ்சி தண்ணி கொட்டனப்போ ஆள் இஸ்துகினு வந்தது யாரு? அம்மனா, அண்ணாச்சியா?"

அந்தக் கேள்விக்கு விடைத்தாளில் இடம் இல்லை. மடித்து வைத்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் வஞ்சிரக் குழம்பு. மாமியார் தட்டைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனதும் பின்னாலேயே போனேன்.

"இன்னா அத்தே, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு இன்னா கேடு மாப்ள? நாக்குதான் கலீஜ் பண்ணிட்ச்சி."

உள்ளே அறையில் அவருடைய சின்ன மகள் படுத்திருந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் கோயில் குளம், ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்த பிறகு உண்டாகி, வளைகாப்பு முடிந்து, பெரம்பூரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாவது மாதம். அவள் காதில் விழக்கூடாது என்று மாமியார் காலி மிக்ஸியை ஓடவிட்டார். அந்த இரைச்சலுக்கு நடுவே வாக்குமூலம் வந்தது.

"போன செவ்வாக்கெயம அக்கா வந்துச்சி. தட்டுல கற்பூரம் கொளுத்தி நீட்டிச்சி. பெரிம்மா, ஓட்டு எனக்குத்தான்னு அணைச்சி சத்தியம் பண்ணுன்னுச்சி. அணைச்சிட்டேன்."

"சரி."

"வெள்ளிக்கெயம அண்ணாச்சி வந்தாரு. பைபிள நீட்டி, கை வச்சிச் சொல்லுங்கம்மான்னாரு. வச்சிட்டேன்."

"அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வூடு தேடி வந்த மனுசனாண்ட இல்லன்னு எப்டி மாப்ள சொல்றது?"

முப்பது வருடம் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சாப்பாடு பரிமாறியவர் அவர். நீட்டின தட்டில் எதையாவது போட்டே பழகிய கை. சோறு என்றால் சோறு, சத்தியம் என்றால் சத்தியம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கோ மாப்ள. யாரு மேல சத்தியம்னு அவங்க கேக்கக்கூட இல்ல. நானே வாயக் குட்துட்டேன். எம்பொண்ணு வயித்துல கீற கொயந்த மேலன்னு."

"ரெண்டு பேராண்டயுமா?"

"ரெண்டு பேராண்டயும்."

மிக்ஸி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

வேறு ஊராக இருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தேற்றியிருப்பேன். நாங்கள் இருப்பதோ திருவொற்றியூர். சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு மரமே சாட்சி. சிவனுக்கே நண்பராக இருந்த அடியார் ஒருவர் கோயில் மகிழமரத்தடியில் தன் மனைவிக்கு, உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு மீறிப் புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. மாசி மாதத் திருவிழாவில் வருடா வருடம் அந்தச் சத்தியத்தை நடத்திக் காட்டி எங்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். மாமியார் ஒரு வருடமும் அதைத் தவறவிட்டதில்லை.

"சாமிக்கே தோஸ்து மாப்ள அந்தாளு. அவுருக்கே கண்ணு பூட்ச்சி. நான் எம்மாத்திரம்?"

நான் என் தொழில் அறிவை எடுத்து வைத்தேன். வாக்குப்பதிவு ரகசியமானது. அட்டைப்பெட்டி மறைவில் நீங்கள் யாருக்குக் குத்தினீர்கள் என்பது எவனுக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜனநாயகத்தின் உயிரே அதுதான் என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது, சரி. சாமிக்குமா தெரியாது?"

இருபது வருடமாக வாக்குச்சாவடிகளில் அட்டை மறைப்பு கட்டியிருக்கிறேன். அதற்கு மேல்பக்கம் கூரை கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"அப்போ ஓட்டே போடாதீங்க. ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்குங்க."

"உசுரு கீற வரைக்கும் வந்து போடுவேன்னும் சொல்ட்டேனே."

எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இரண்டு ஓடத்தில் கால் வைத்ததோடு நிற்காமல் இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அக்கா மேலும் அண்ணாச்சி மேலும் அதைவிட அதிகமாக வந்தது. படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், பிரச்சாரத்தில் சாமியை இழுக்காதீர்கள் என்று. இருவரும் மண்டையை ஆட்டிவிட்டுப் போய், ஒருவர் கற்பூரத்தையும் ஒருவர் பைபிளையும் எடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல். நேரம் குறிப்பதற்கே பெரிய பஞ்சாயத்து நடந்தது. காலை ஆராதனை முடிந்து சர்ச் வீடுகள் வர வேண்டும், ஆகவே பதினொரு மணிக்குத் தொடக்கம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், அப்போது குத்தினால் விளங்காது என்று அம்மன் வீடுகள். அதற்குள் மதியத் தொழுகையையும் முடித்துவிடுகிறோம் என்று பாய் வீடுகள். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் மூடிவிட வேண்டும். எமகண்டத்துக்கு இடைவேளை விட்ட ஒரே தேர்தல் அதிகாரி நானாகத்தான் இருப்பேன். அந்த ஒன்றரை மணி நேரமும் சைக்கிள் நிறுத்துமிடத்தில், மூடியில் துளை போட்டு வாக்குப்பெட்டி ஆக்கிய பிஸ்கட் டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சின்னம் அக்காவுக்கு வாளி, அண்ணாச்சிக்குக் குடை. முத்திரைக்கு வேறு ஒன்றும் கிடைக்காமல், மாணவர்களின் நோட்டில் நான் குத்துகிற ரப்பர் முத்திரையையே வைத்திருந்தேன். அதில் 'பார்வையிடப்பட்டது' என்று இருக்கும். பிடித்த சின்னத்தின் மேல் அதைக் குத்தி, மடித்து, டின்னில் போட வேண்டும்.

மாமியார் இரண்டு மணிக்கு வந்தார். மூன்று நாள் பட்டினியில் முகம் வாடிப்போயிருந்தது. மறைவுக்குள் போனார். டப், டப் என்று சத்தம் கேட்டது. முத்திரையில் மை போதவில்லை போலிருக்கிறது, மறுபடி குத்துகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது ஆளே மாறியிருந்தார். சீட்டை டின்னில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "மாப்ள, நேத்து கொயம்பு மிச்சம் கீதா?" என்றார்.

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். மற்ற பல பேர் போனபோதும் டப், டப் என்று இரண்டு தடவை கேட்டதை வைத்தாவது புரிந்திருக்க வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு இரண்டு வரை எண்ணத் தெரியவில்லை.

ராகுகாலத்துக்கு முன்னால், நாலு மணிக்கே எல்லோர் முன்னிலையிலும் டின்னைத் திறந்தேன். வீடு பூட்டியிருந்த இரண்டு பேர் போக, நாற்பது சீட்டு. முதல் சீட்டைப் பிரித்தேன். வாளியிலும் முத்திரை, குடையிலும் முத்திரை. செல்லாது என்று தனியாக வைத்தேன். இரண்டாவது சீட்டும் அப்படியே. மூன்றாவது வாளி. நான்காவது இரண்டும். ஒருவர் மிகுந்த கவனத்தோடு இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் குத்தி, ஆளுக்குப் பாதி கொடுத்திருந்தார். இன்னொருவர் குத்தியதோடு நிற்காமல் 'இரண்டு பேருமே நல்லவங்க' என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியும் வைத்திருந்தார்.

வாளி ஒன்பது. குடை எட்டு. செல்லாதவை இருபத்து மூன்று.

பள்ளிக்கூடத்துக் குரலில் கத்திவிட்டேன். "ஒரு சின்னத்துல மட்டும் குத்தணும்னு எத்தனை தடவை சொன்னேன்? எந்த வீட்டு வேலை இது?"

சைக்கிள்களுக்கு நடுவே நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடியில் இருக்கும் சர்ச் வீட்டுப் பெண் முதலில் சிரித்துவிட்டாள்.

"நான் என்னா சார் பண்றது? அக்கா கற்பூரத்த நீட்டிட்டாங்க."

"நீங்க கிறிஸ்தவங்கதானே? உங்களுக்குக் கற்பூரம் எதுக்கு?"

"அதுக்குன்னு அம்மன் சும்மா உட்ருமா சார்?"

அவளுக்குப் பக்கத்திலேயே, வருடா வருடம் தீ மிதிக்கிற ஆட்டோக்காரர். அவர் அண்ணாச்சியின் பைபிள் மேலும் கை வைத்திருக்கிறார். "எந்தச் சாமியா இருந்தா இன்னா வாத்தியாரே, சாமி சாமிதான். பயம் பொதுவு" என்றார்.

என் விடைத்தாள் கணிப்பு அந்த இடத்திலேயே செத்தது. சாமி வாரியாகப் பிரிந்து ஓட்டுப் போடுவார்கள் என்று நான் எழுதிக் கூட்டியிருந்தேன். அவர்களோ எல்லாச் சாமிக்கும் சேர்த்தே பயந்திருந்தார்கள். மாமியார் கூட்டத்தின் நடுவே நின்று இருபத்து மூன்று என்ற எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தான் ஒருத்தி மட்டும் பாவி இல்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

விதிப்படி செல்லாத ஓட்டைக் கழித்தால் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அக்கா வெற்றி. அறிவிக்க வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு வாத்தியாரே. நாப்பது பேர்ல ஒம்போது பேரு சொல்லி நான் தலைவியா? வலய போட்டுட்டு கயிற மட்டும் இஸ்துகினு கரைக்கு வந்த மாரி கீது. வேணாம். அடுத்த ஞாயித்துக்கெயம மறுபடி வை."

அண்ணாச்சி அவசரமாகத் தலையாட்டினார். "அதாஞ் சரி சார். எட்டு ஓட்டு வாங்குனேன்னு ஊர்ல தெரிஞ்சா மானம் போயிரும்."

நான் ஒலிபெருக்கியில் தெளிவாக அறிவித்தேன். மறு தேர்தல். இரண்டு சின்னத்திலும் குத்தினால் அது யாருக்கும் போய்ச் சேராது. குத்தாததற்குச் சமம். இதை மூன்று முறை சொன்னேன். விளக்கமாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை தோசை தீய்ந்த வாடை. மாமியார் கல்லுக்கு எதிரே சிலையாக நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, போன தபா எனக்குத் தெரியாது. ரெண்டுலயும் குத்துனா ரெண்டு சத்தியமும் நிக்கும்னு நெனச்சேன். சாமி மன்னிச்சிடும். இப்போ நீங்கோ மைக் போட்டுச் சொல்ட்டீங்கோ, அது யாருக்கும் போய்ச் சேராதுன்னு. இனிமே குத்துனா, தெரிஞ்சே சாமிய ஏமாத்தறேன்னுதானே அர்த்தம்?"

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டது இதுதான். தீய்ந்த தோசையை நான் கல்லிலிருந்து சுரண்டி எடுக்கும்போதே உள்ளறையிலிருந்து சின்ன மகள் "அம்மா" என்று கத்தினாள். ஓடினோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். கால் மணி நேரத்தில் வலி தானாக அடங்கிவிட்டது. சூட்டு வலிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று என் மனைவி போனில் நர்சிடம் கேட்டுச் சொன்னாள். மாமியார் காதில் அது ஏறவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார். நான் பனியனோடு பின்னால் ஓடினேன்.

முதல் மாடியில் அக்கா அப்போதுதான் ஏலம் முடிந்து வந்து, ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடையை வாசலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பெரிம்மா, காலங்காத்தால?"

"எஞ்சத்தியத்தத் திருப்பிக் குடு."

அக்கா என்னைப் பார்த்தார். "இது இன்னா ரூலு வாத்தியாரே?"

எந்த ரூலிலும் இல்லை என்றேன்.

"குட்த வாக்கத் திருப்பிக் கேட்டா ஏலத்துல எவனும் மதிக்க மாட்டான் பெரிம்மா. நான் சொல்லித்தான் உனுக்குத் தெரியணுமா?"

"ஏலத்துல மீனுக்கு வாக்குக் குடுக்கறீங்கோ. நான் கொயந்தையக் குட்துட்டு நிக்கிறேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அன்றைக்கு மாமியார் கற்பூரத்தை அணைத்தபோது சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்போது அது பேச்சோடு பேச்சாகப் போயிருந்தது. கூடையை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். காசிமேட்டையே அதட்டுகிற குரல் உள்ளே போய்விட்டது.

"நான் ஓட்டுதான கேட்டேன் பெரிம்மா. புள்ளயையா கேட்டேன்?"

"நீ கேக்கல. நானாத்தான் குட்தேன். இப்போ திருப்பிக் குடு."

"அணஞ்ச கற்பூரத்த எப்டி பெரிம்மா திருப்பிக் குடுக்கறது?"

மாமியார் இதற்கு யோசிக்கவே இல்லை. "புதுசா ஒண்ணு கொளுத்து. இந்தத் தபா நீ அணை."

அக்கா உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்தார். ஈரக் கையில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. நான்தான் கொளுத்திக் கொடுத்தேன். சாமி விஷயத்தில் நான் அதிகம் தலையிடுகிறவன் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் சுடர் அணையாமல் இருக்க இரண்டு கையையும் குவித்து நின்றேன். பெரிம்மா குட்த சத்தியத்த நான் உட்டுட்டேன், அது ஓட்டு அது இஷ்டம், அந்தக் கொயந்தைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது தாயே என்று சொல்லிக்கொண்டே அக்கா உள்ளங்கையை அழுத்தி அணைத்தார். கொஞ்சம் சுட்டிருக்கும். உதறவில்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டிருக்கிறார்கள். "அக்கா, அப்டியே என்னுதயும் உட்ரு." மேலே படியில் இன்னொரு தலை எட்டிப்பார்த்தது. "எனக்கும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தட்டுக்கு முன்னால் நிற்கிற ஒவ்வொரு ஆளும் கையில் இருந்து நழுவுகிற ஒரு ஓட்டு என்பது அவருக்குத் தெரியாதா? ஏலம் விடுகிறவருக்குத் தெரியாத கூட்டலா? இருந்தும் தட்டின் கரியைத் துடைத்துவிட்டு, "கற்பூரப் பாக்கெட்ட எடுத்துகினு வாங்கோ யாராவது" என்றார்.

அடுத்து அண்ணாச்சி கடை. மாமியார் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

"நானே ஒரு வாரமா தூக்கமில்லாமக் கெடக்கேன் சார். அக்கா கற்பூரம் வச்சு வாங்கிட்டு வாராவன்னு கேள்விப்பட்டேன். புத்தி கெட்டுப்போயி நானும் வேதத்தத் தூக்கிட்டேன். எங்க சபையில சத்தியமே பண்ணக்கூடாதும்பாவ. நான் அடுத்தவங்களப் பண்ண வச்சிருக்கேன் பாத்துக்கிடுங்க."

பகல் பத்து மணிக்கு அவர் கடை ஷட்டரை இறக்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெறும் கையோடு படியேறினார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, நீங்க எனக்குக் கொடுத்த வாக்கு உங்களுக்கே, மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க என்று சொல்லிக்கொண்டே போனார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கற்பூரத் தட்டோடு அக்கா எதிரே வந்தார். இரண்டு வேட்பாளர்களும் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழி விட்டுக்கொண்டார்கள்.

தேர்தலில் நான் துப்பாக்கி வைத்த காவலைப் பார்த்திருக்கிறேன், அரக்கு வைத்த பெட்டியைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தவர்கள், வாங்கின ஓட்டை அந்தந்த வீட்டு வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதை அதற்கு முன் பார்த்ததில்லை. பனியனோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

மறு தேர்தலில் அண்ணாச்சி ஜெயித்தார் என்பதையும், அதற்கு அடுத்த வாரம் கொழுந்தியாளுக்குச் சுகப்பிரசவமாகிப் பெண் குழந்தை பிறந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாவியை அண்ணாச்சி வைத்திருக்கிறார், கூழை அக்கா ஊற்றுகிறார், தண்ணீர் வராவிட்டால் இருவரையும் திட்டுகிறோம். ஆனால் நான் சொல்ல வந்தது அதையெல்லாம் அல்ல.

அந்த இரண்டாவது ஞாயிறு மாமியார்தான் வரிசையில் முதல் ஆள். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். விரலில் மை வைத்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனார்.

டப் என்ற சத்தம் வரவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பின்னால் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்: "இன்னா ஆயா, உள்ள தூங்கிட்டியா? பன்னெண்டு ஆனா எமகண்டம் வந்துரும்!" இன்னும் நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டார்கள். மயக்கமாகிவிட்டாரோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. எழுந்து போய், எட்டிப் பார்க்காமல், அட்டைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"அத்தே, ஏதாவது பிரச்சினையா?"

"ஒரு பிரச்சினையும் இல்ல மாப்ள." குரல் தெளிவாக இருந்தது. "வயசுக்கு வந்த நாள்லேந்து ஓட்டுப் போட்டுகினு கீறேன். மொதல்ல எங்கப்பா சொல்லி அனுப்புவாரு. அப்பால உங்க மாமா. கேண்டீன்ல யூனியன்காரங்கோ. அதுக்கப்புறம் சத்தியம். யாருமே ஒண்ணும் சொல்லாம இன்னிக்குத்தான் உள்ள வந்துகீறேன். யாரு நல்லா பண்ணுவாங்கன்னு யோசிக்க வேணாமா? சும்மா பேஜாரு பண்ணாம இருக்கச் சொல்லுங்கோ அவங்கள."

நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை, எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஆட்டோக்காரர் மோவாயைச் சொறிந்துகொண்டே வாளியையும் குடையையும் வரைந்து ஒட்டியிருந்த தாளைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே பார்த்தார்கள். அவர்களில் யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை.